மெடிகேரில் 97802 க்ளெய்ம் திரும்பி வருவது ஏன்? டயட்டீஷியன் பில்லிங்கும் நோய்க் கோடும்

#1 கீரைக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் தனியாக க்ளினிக் நடத்தும் டயட்டீஷியன் (உணவு சிகிச்சை நிபுணர்) ஒருவரின் மெடிகேர் (அரசின் முதியோர் இன்ஷூரன்ஸ்) க்ளெய்ம் திரும்பி வந்திருக்கிறது. அடையாளங்களை நீக்கிவிட்டு விவரத்தை மட்டும் தருகிறேன்.

நோயாளிக்கு 67 வயது, ஒரிஜினல் மெடிகேர் பார்ட் பி (அரசே நேரடியாக நடத்தும் மெடிகேரில் வெளிநோயாளிச் செலவுக்கான பகுதி). டைப் 2 சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரக பாதிப்பு மூன்றும் உண்டு. டாக்டர் நோட்டில் "சிகேடி 3பி" (நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3பி) என்று இருக்கிறது, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 38. மெட்ஃபார்மின் மாத்திரையும் வாரம் ஒருமுறை செமக்ளூடைட் ஊசியும் எடுக்கிறார். ரெஃபரல் கொடுத்தது டாக்டரின் அலுவலகத்தில் இருக்கும் நர்ஸ் ப்ராக்டிஷனர். முதல் விசிட் காலை 10.05க்குத் தொடங்கி 11.02க்கு முடிந்தது. நோட் எழுதி முடிக்க 11.20 ஆகிவிட்டது.

பில்லில் போனது 97802 (டயட்டீஷியனின் முதல் மதிப்பீட்டுக்கான சேவைக் கோடு), 5 யூனிட் (15 நிமிடத்துக்கு ஒன்று). நோய்க் கோடுகள் இசட்71.3, இ11.9, ஐ10, என்18.9 என்ற வரிசையில். வந்த மறுப்பு 183. நோய்க் கோடுகளைச் சரிசெய்து மறுபடி அனுப்பினால் போதுமா?

#2 சார்ட்பார்வை

போதாது மேடம். 183 என்றால் ரெஃபர் செய்தவருக்கு இந்தச் சேவைக்கு ரெஃபர் செய்யும் தகுதி இல்லை என்று அர்த்தம். கோடுகளை எத்தனை முறை மாற்றினாலும் இந்த மறுப்பு அப்படியேதான் வரும்.

மெடிகேரில் எம்என்டி, அதாவது மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சைக்கு, எம்டி அல்லது டிஓ பட்டம் பெற்ற டாக்டர் மட்டுமே ரெஃபர் செய்யலாம். முன்பு அவர் அந்த நோயாளிக்கு சிகிச்சை தரும் டாக்டராகவும் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 முதல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் நர்ஸ் ப்ராக்டிஷனரையும் பிஏவையும் (டாக்டரோடு சேர்ந்து சிகிச்சை தரும் உதவியாளர்) அதில் சேர்க்கவில்லை.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு நடக்கிறது என்றால், டிஎஸ்எம்டி என்ற சர்க்கரை நோய் சுயபராமரிப்புப் பயிற்சிக்கு நர்ஸ் ப்ராக்டிஷனரே ரெஃபர் செய்யலாம். அதற்கான கோடுகள் ஜி0108, ஜி0109. டாக்டர் அலுவலகத்தில் இரண்டுக்கும் ஒரே ஃபார்ம் வைத்திருப்பார்கள், கையெழுத்து போடுபவரும் ஒருவரே. ஃபார்மில் எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது, கையெழுத்து யாருடையது என்று அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நோயாளி வந்து உட்கார்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போய்ப் பழைய தேதி போட்டு ரெஃபரல் வாங்காதீர்கள். ஆடிட்டில் அது கோடிங் பிழை என்ற கணக்கில் வராது, மோசடி என்ற கணக்கில்தான் வரும். அந்த ஒரு விசிட்டின் பணத்தை விட்டுவிட்டு, அடுத்த விசிட்டுக்கு முன்னால் டாக்டரின் ரெஃபரலை வாங்குங்கள்.

#3 சிபிசி_கோவை

ரெஃபரல் விஷயம் முடிந்தது. ஆனால் அந்த நாலு நோய்க் கோடுகளில் ஒன்றுகூட இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ரெஃபரல் சரியாக இருந்திருந்தாலும் க்ளெய்ம் தடுமாறியிருக்கும்.

முதலில் இசட்71.3. உணவு ஆலோசனைக்கான கோடு அது. மெடிகேர் எம்என்டிக்குப் பணம் தருவது சர்க்கரை நோய், டயாலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோய், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிந்தைய 36 மாதம் ஆகிய மூன்றுக்கு மட்டும். ஆலோசனைக் கோட்டை முதலில் வைத்தால் அந்த மூன்றில் எதற்காக விசிட் என்பதே க்ளெய்மில் தெரியாது.

அடுத்து இ11.9. இதற்கு "சிக்கல் இல்லாத டைப் 2" என்று பொருள். சிறுநீரக நோய் பக்கத்திலேயே இருக்கும்போது அது பொய்யாகிவிடுகிறது. நோய்க் கோடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் விதிப்படி சர்க்கரையும் சிகேடியும் ஒரே நோயாளியிடம் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் எழுதாதவரை தொடர்பு உண்டு என்றே கோட் போட வேண்டும். ஆகவே இ11.22. ரத்த அழுத்தத்துக்கும் அதே விதிதான்: சிகேடியோடு சேர்ந்தால் ஐ10 கிடையாது, ஐ12.9.

பிறகு என்18.9. டாக்டர் 3பி என்று எழுதியிருக்கும்போது "நிலை குறிப்பிடப்படாதது" என்று ஏன் போட வேண்டும்? 2020 அக்டோபர் முதல் மூன்றாம் நிலையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. 3ஏ என்றால் என்18.31, 3பி என்றால் என்18.32.

சரியான வரிசை இது: இ11.22, ஐ12.9, என்18.32, இசட்79.84, இசட்79.85. கடைசி இரண்டும் மருந்துக்கானவை. மாத்திரைக்கு 79.84, இன்சுலின் அல்லாத ஊசிக்கு 79.85. இன்சுலின் இருந்தால் இசட்79.4. சிகேடி நிலைக் கோடு எப்போதும் இ11.22க்கும் ஐ12.9க்கும் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் நல்ல ஸ்க்ரப்பர் (க்ளெய்மைச் சரிபார்க்கும் மென்பொருள்) அங்கேயே நிறுத்தும்.

#4 தினைமாவு

ஒரு சந்தேகம் அண்ணா. நோட்டில் 3பி என்று இல்லாமல் இஜிஎஃப்ஆர் 38 என்று மட்டும் இருந்தால், 30 முதல் 44 வரை 3பி என்று நமக்கே தெரியுமே, நாமே போட்டுவிடலாமா?

#5 சிபிசி_கோவை

கூடாது தம்பி. லேப் எண்ணைப் பார்த்து நோயின் பெயரை எழுதுவது டாக்டரின் வேலை. அது கோடருக்கும் இல்லை, டயட்டீஷியனுக்கும் இல்லை. ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.4 என்று மட்டும் இருந்தால் இ11.65 (சர்க்கரை மிகுந்த டைப் 2) போட முடியாது. டாக்டர் "ஹைப்பர்கிளைசீமியா" என்றோ "சர்க்கரை சரியாகக் கட்டுப்படவில்லை" என்றோ எழுதியிருக்க வேண்டும். அதிலும் "அன்கன்ட்ரோல்ட்" என்ற ஒற்றைச் சொல் போதாது. சர்க்கரை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

டயட்டீஷியன்கள் எழுதும் பிஇஎஸ் (பிரச்சினை, காரணம், அறிகுறி) வாக்கியமும் நோய்க் கோட்டுக்கு ஆதாரம் ஆகாது. "கார்போஹைட்ரேட் அளவுக்கு மீறி உட்கொள்ளல், அறியாமை காரணமாக, உணவுப் பதிவேட்டின்படி" என்பது ஊட்டச்சத்து சார்ந்த கணிப்பு. சிகிச்சைத் திட்டத்துக்கு அது உயிர்நாடி. ஆனால் ஐசிடியில் அதற்கு இடமில்லை.

விதிவிலக்கு சில உண்டு. பிஎம்ஐ அளவை டயட்டீஷியன் எழுதியிருந்தாலே இசட்68 தொகுதியில் கோட் எடுக்கலாம். வீட்டில் போதிய உணவு இல்லாத நிலை, அதாவது இசட்59.41 போன்ற சமூகக் காரணங்களையும் அவர் நோட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் பிஎம்ஐக்குத் துணையாக வரும் உடல்பருமன் என்ற நோய்ப் பெயர் டாக்டரின் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். இசட்68 தனியாகவோ முதலாவதாகவோ நிற்காது.

அவுட்பேஷன்ட் சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்", "இல்லையென உறுதிசெய்ய" என்றெல்லாம் எழுதிய நோய்க்குக் கோட் கிடையாது. அறிகுறிக்குத்தான் கோட்.

#6 ஏஆர்_இரவுப்பணி

யூனிட் கணக்கை யாரும் தொடவில்லையே. 10.05 முதல் 11.20 வரை 75 நிமிடம், அதை 15ஆல் வகுத்து 5 என்று போட்டிருக்கிறார்கள். 97802க்கு நேருக்கு நேர் பேசிய நேரம் மட்டுமே கணக்கு. நோட் எழுதிய 18 நிமிடம் சேராது. மீதி 57 நிமிடம், 4 யூனிட்.

15 நிமிடக் கோடுகளில் பாதியைத் தாண்டினால்தான் அந்த யூனிட் கிடைக்கும். 8 முதல் 22 நிமிடம் வரை 1, 23 முதல் 37 வரை 2, 38 முதல் 52 வரை 3, 53 முதல் 67 வரை 4. குழு வகுப்புக்கான 97804 மட்டும் 30 நிமிடக் கோடு, அதற்குக் குறைந்தது 16 நிமிடம் வேண்டும். அதை ஒரு ஆளுக்கு ஒரு வரியாக, ஒவ்வொருவர் க்ளெய்மிலும் தனித்தனியாகப் போட வேண்டும்.

நோட்டில் "60 நிமிட விசிட்" என்று உருண்டையாக எழுதுவதைவிடத் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் எழுதுவது நல்லது. பதிவேட்டைக் கேட்டால் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லா நோயாளிக்கும் எல்லா நாளும் சரியாக 60 நிமிடம் என்று இருந்தால் பார்க்கிறவருக்கே சந்தேகம் வரும்.

#7 கீரைக்கட்டு

மிக்க நன்றி. இனி டாக்டரின் ரெஃபரல் வந்த பிறகு அடுத்த விசிட்டை மறுபடி 97802 என்று போடலாமா? முதல் விசிட்டுக்குப் பணமே வரவில்லையே.

#8 சார்ட்பார்வை

பணம் வந்ததா என்பதைப் பார்த்துக் கோட் போடக் கூடாது மேடம். அறைக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும். முதல் மதிப்பீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடுத்து நடப்பது மறுமதிப்பீடு, ஆகவே 97803.

மணிக்கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் காலண்டர் ஆண்டில் 3 மணி நேரம், அதாவது 12 யூனிட். அடுத்தடுத்த ஆண்டுகளில் 2 மணி, 8 யூனிட், அதுவும் ஆண்டுதோறும் புது ரெஃபரலோடு. "ஆண்டு" என்பது ரெஃபரல் தேதியிலிருந்து 12 மாதம் என்று நினைத்துவிடாதீர்கள், டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். நவம்பரில் ரெஃபரல் வாங்கி 2 மணி நேரம் பார்த்தால், மீதி 1 மணி ஜனவரிக்குப் போகாது. புது ஆண்டில் 2 மணிதான். வயதானவர்கள் இழக்கும் சிகிச்சை நேரம் இது. மூன்றாவது மணியைக் குளிர்கால விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

3 மணி தீர்ந்த பிறகு நோயோ சிகிச்சையோ மாறினால், உதாரணமாக டாக்டர் இன்சுலின் தொடங்கினால், அல்லது சிகேடி 3பியிலிருந்து 4க்குப் போனால், அதே ஆண்டிலேயே இரண்டாவது ரெஃபரல் வாங்கிக் கூடுதல் நேரம் தரலாம். அப்போது கோட் 97803 இல்லை, ஜி0270. குழுவுக்கு ஜி0271. மாற்றம் என்ன என்று ரெஃபரலிலேயே டாக்டர் எழுதியிருக்க வேண்டும். இந்த வசதி இருப்பது தெரியாமல் நிறையப் பேர் 3 மணியோடு நோயாளியை அனுப்பிவிடுகிறார்கள்.

எம்என்டிக்கு நோயாளி கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை, டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நோயாளி தானே கட்டும் தொகை) இல்லை. டாக்டருக்கான கட்டணத்தில் 85 சதவீதம் டயட்டீஷியனுக்கு வரும். டிஎஸ்எம்டி அப்படியல்ல, அதில் டிடக்டிபிளும் 20 சதவீதப் பங்கும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பில் செய்தால் ஒன்று விழுந்துவிடும்.

#9 ஏஆர்_இரவுப்பணி

மறுபடி அனுப்பும் முறையிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் 1500 என்ற க்ளெய்ம் ஃபார்மில் 22ஆம் கட்டத்தில் 7 போட்டு, பழைய க்ளெய்ம் எண்ணை எழுதித் திருத்திய க்ளெய்ம் அனுப்பலாம். ஒரிஜினல் மெடிகேர் பார்ட் பியில் அது செல்லாது. ப்ராசஸ் ஆகாமல் திரும்பினால் புதிதாக அனுப்பலாம். மறுப்பாக வந்துவிட்டால், எழுத்துப் பிழைக்கு ரீஓபனிங் (அதே க்ளெய்மைத் திறந்து திருத்துதல்), மற்றதற்கு 120 நாளுக்குள் ரீடிடர்மினேஷன் (முதல் கட்ட மேல்முறையீடு). முதல் க்ளெய்முக்குக் கெடு சேவை நாளிலிருந்து ஓராண்டு.

17ஆம் கட்டத்தில் ரெஃபர் செய்த டாக்டர் பெயருக்கு முன் டிஎன் என்ற குறி, 17பியில் அவருடைய என்பிஐ (மருத்துவச் சேவை தருபவரின் அடையாள எண்). அங்கே க்ளினிக்கின் குழு என்பிஐயைப் போடுவது நாங்கள் தினமும் பார்க்கும் தவறு. 24இ கட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் 4 நோய்க் கோடு வரைதான் சுட்டலாம். மேலே சொன்ன ஐந்தில் முதல் மூன்றும் அங்கே கட்டாயம் இருக்கட்டும்.

#10 தினைமாவு

தனியார் இன்ஷூரன்ஸில் எல்லாவற்றுக்கும் இசட்71.3 முதலில் வைத்தால் நோயாளி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, தடுப்பு மருத்துவமாகப் போய்விடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதையே செய்துவிடலாமே?

#11 சிபிசி_கோவை

அந்தப் பாடம் அரைகுறைப் பாடம் தம்பி. உடல்பருமன், கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துக் காரணிகளுக்காகத் தடுப்பு நோக்கில் வந்த விசிட் என்றால் இசட்71.3 முதலில், அடுத்து அந்தக் காரணி, தேவைப்பட்டால் மாடிஃபயர் 33 (தடுப்புச் சேவை என்று காட்டும் கூடுதல் குறி). பல பிளான்கள் இதை முழுதாகக் கட்டும். அங்கே வாதமே இல்லை.

ஆனால் டாக்டர் "டைப் 2 சர்க்கரைக்கு உணவு சிகிச்சை" என்று எழுதி அனுப்பிய நோயாளியிடம் அதே தந்திரத்தைக் காட்டினால், விசிட்டின் முக்கியக் காரணத்தை மறைத்ததாகிவிடும். அவுட்பேஷன்டில் எதற்காக வந்தாரோ அதுதான் முதல் கோட். ஆலோசனை என்பது அந்த நோயின் வழக்கமான சிகிச்சையிலேயே அடங்கியிருந்தால் இசட்71 கோட் வேண்டியதில்லை என்றும் கோடிங் வழிகாட்டியில் இருக்கிறது.

#12 கீரைக்கட்டு

அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பல தனியார் பிளான்கள் தங்கள் கொள்கையிலேயே "இசட்71.3உம் நோய்க் கோடும் சேர்ந்து வர வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கின்றன. இசட்71.3 இல்லாமல் அனுப்பினால் 11 என்ற மறுப்பு, அதாவது நோயும் சேவையும் பொருந்தவில்லை என்று வருகிறது. வழிகாட்டியை மட்டும் பிடித்துக்கொண்டால் நோயாளிதான் முழுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் இரண்டாவது விசிட்டுக்கு வருவதே இல்லை.

#13 சிபிசி_கோவை

நியாயம்தான் மேடம். இரண்டையும் சேர்த்துப் போடுவதில் தடையில்லை, ஐசிடியிலேயே இசட்71.3க்குக் கீழே அடிப்படை நோயையும் சேர்த்துக் கோட் போடச் சொல்லியிருக்கிறது. சர்க்கரையை எடுத்துவிட்டு இசட்71.3 மட்டும் அனுப்புவதைத்தான் தப்பு என்கிறேன்.

அதனால்தான் விசிட்டுக்கு முன் பிளானுக்கு ஃபோன் போடச் சொல்கிறேன். வெறும் "கவரேஜ் உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 97802, 97803 இரண்டுக்கும் உண்டா, அல்லது சில தனியார் பிளான்கள் கேட்கும் டயட்டீஷியன் விசிட் கோடான எஸ்9470தானா? எந்த நோய்க் கோடுகளுக்கு? ஆண்டுக்கு எத்தனை விசிட், ஒரு விசிட்டுக்கு எத்தனை யூனிட்? தடுப்பு என்ற பிரிவிலா, மருத்துவம் என்ற பிரிவிலா? ரெஃபரல் வேண்டுமா, முன் அனுமதி வேண்டுமா? வீடியோ விசிட் என்றால் இடக் கோடு 10ஆ (நோயாளி வீட்டில்) 02ஆ (வேறிடத்தில்), மாடிஃபயர் 95 வேண்டுமா? முடிவில் அழைப்பு எண்ணை வாங்கிச் சார்ட்டில் எழுதுங்கள். எஸ்9470 விசிட்டுக்கு ஒன்று, நிமிடக் கணக்கில்லை. அதில் 4 யூனிட் போட்டால் திரும்பி வரும்.

#14 ஏஆர்_இரவுப்பணி

உடல்பருமன் கோடுகள் மாறிவிட்டதைப் பலர் கவனிக்கவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் இ66.8 தனியாகச் செல்லாது. முதல் வகுப்பு இ66.811, இரண்டாம் வகுப்பு இ66.812, மூன்றாம் வகுப்பு இ66.813. பிஎம்ஐ 36 என்று கண்ணால் பார்த்தாலும் "இரண்டாம் வகுப்பு" என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அதே நாளில் உணவுக் கோளாறுகளுக்கான எஃப்50.01, எஃப்50.2, எஃப்50.81 ஆகியவற்றுக்கும் தீவிரத்தைக் காட்டும் கூடுதல் இலக்கம் வந்தது. பழைய சூப்பர்பில் (நோயாளி இன்ஷூரன்ஸில் பணம் கேட்கக் கொடுக்கும் விவர ரசீது) ஃபார்மை அச்சடித்து வைத்திருப்பவர்கள் நோயாளி கையில் செல்லாத கோட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அக்டோபரும் ஃபார்மைத் திருத்துங்கள்.

மெடிகேரில் உடல்பருமனுக்கு எம்என்டி கிடையாது. ஜி0447 என்ற தனித் திட்டம் உண்டு, பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல். முதல் மாதம் வாரம் ஒன்று, ஆறாம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, 6 மாதத்தில் 3 கிலோ குறைந்திருந்தால் மட்டும் அதன் பிறகு மாதம் ஒன்று. ஆனால் டயட்டீஷியன் தன் என்பிஐயில் அதை பில் செய்ய முடியாது. முதன்மை மருத்துவரின் கீழ், அவர் பெயரில்தான் போக வேண்டும்.

#15 தினைமாவு

இன்பேஷன்ட் சார்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. டயட்டீஷியன் "கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு" என்று எழுதியிருக்கிறார். டாக்டர் நோட்டில் "சாப்பாடு குறைவு" என்று மட்டும். இ43 எடுக்கலாமா?

#16 சார்ட்பார்வை

எடுக்கவே கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்புங்கள். இ43 என்பது எம்சிசி (பெரிய கூடுதல் நோய்ச் சிக்கல்), டிஆர்ஜி பணத்தையே, அதாவது நோய்த் தொகுதிப்படி மருத்துவமனைக்குத் தரும் தொகையையே, உயர்த்திவிடும் கோட். 2020 ஜூலையில் அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், இ41, இ43 இருந்த 200 க்ளெய்மைப் பார்த்து 173 தவறு என்றார்கள். அதை வைத்து மருத்துவமனைகள் கூடுதலாக வாங்கிய தொகை இரண்டு ஆண்டுகளில் 100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

டயட்டீஷியன் நோட்டில் ஆறு அடையாளங்களில் குறைந்தது இரண்டு வேண்டும்: உட்கொள்ளும் ஆற்றல் குறைவு, எடை இழப்பு, தசை இழப்பு, தோலடிக் கொழுப்பு இழப்பு, நீர் தேக்கம், கைப்பிடி வலுக் குறைவு. எடையைச் சதவீதமாக எழுதுங்கள். 6 மாதத்தில் 68 கிலோவிலிருந்து 59 கிலோ என்றால் 13.2 சதவீதம். நாள்பட்ட நோயில் 6 மாதத்துக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையானது. ஆனால் அது ஒரு அடையாளம்தான். இரண்டாவதாக, நெற்றிப்பொட்டிலும் தோள்பட்டையிலும் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்து எழுதியது வேண்டும். "மெலிந்து காணப்படுகிறார்" என்ற வரி எதற்கும் உதவாது.

டாக்டரிடம் "கடுமையானது என்று எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள். அடையாளங்களைக் கொடுத்து, கடுமையானது, மிதமானது, லேசானது, குறைபாடு இல்லை, வேறு, தீர்மானிக்க முடியவில்லை என்று எல்லாத் தேர்வுகளையும் வையுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு, சிகிச்சை நடந்ததும் சார்ட்டில் தெரிய வேண்டும்: என்ன ஊட்ட பானம், நாளுக்கு எத்தனை முறை, எடை எப்போது மறுபடி பார்த்தார்கள் என்று.

#17 கீரைக்கட்டு

டாக்டரின் ரெஃபரல் வந்துவிட்டது. எம்டி கையெழுத்து, தேதி, "டைப் 2, நீரிழிவு சார்ந்த சிகேடி 3பி, எம்என்டி 3 மணி" என்று இருக்கிறது. அடுத்த விசிட் 97803, இ11.22, ஐ12.9, என்18.32, இசட்79.84, இசட்79.85. 17பியில் டாக்டரின் சொந்த என்பிஐ. நேரம் முடிந்த பிறகுதான் யூனிட் எழுதுவோம்.

#18 ஏஆர்_இரவுப்பணி

சரியாக இருக்கிறது மேடம். அனுப்புவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: டயட்டீஷியனின் சிஏக்யூஎச் (தனியார் இன்ஷூரன்ஸ்கள் பார்க்கும் தகுதிப் பதிவேடு) பதிவை 120 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். மெடிகேருக்கு அது தேவையில்லை, ஆனால் அது காலாவதியானால் இதே நோயாளியின் துணைத் தனியார் இன்ஷூரன்ஸ் பக்கம் சிக்கலாகிவிடும்.